நாலு வயல் கூடும் முனை

எங்கள் ஊர் வெர்பிவ்கா பக்கத்து நிலத்தை அளந்தவன் அடிக்கோலைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். குட்டை வந்தாலும் சரி, மேடு வந்தாலும் சரி, நேரே கோட்டை இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். சதுரம், அதற்குப் பக்கத்தில் சதுரம், அதற்கும் பக்கத்தில் இன்னொரு சதுரம். கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளி முழுக்க இதே கதைதான். முனைக்கு முனை ஓர் இரும்புக் கம்பியை அடித்து, சுற்றிலும் குழி பறித்து அடையாளம் வைத்துவிட்டு, அளந்தவர்கள் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வந்து குளிரில் விறைத்ததெல்லாம் எங்கள் ஆட்கள்.

தெக்லாவும் அவள் புருஷன் யுர்கோ ஸ்தாத்னிக்கும் முதல் உலகப்போருக்குக் கொஞ்ச வருஷம் முன்னால் வந்து சேர்ந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்த பழைய ஊரான கலீசியாவில் அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்தால் ஆளுக்குக் கோவணத்துணி அளவு நிலம் தேறும். கனடாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கொடுக்கிறார்கள் என்று எவனோ சொன்னதைக் கேட்டுக் கப்பல் ஏறினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கொடுத்தார்கள்தான். அதில் வீடு இல்லை, கிணறு இல்லை, பக்கத்தில் ஒரு மனுஷ முகம் இல்லை. மண்ணைக் குடைந்து, மேலே பாப்லர் மரக் கம்புகளை அடுக்கிப் புல்தரையைப் போர்த்தி, ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். கையில் காசில்லாததால் யுர்கோ ரயில்பாதை வேலைக்குப் போனான். தெக்லா மாசமாக இருந்தாள். அவன் திரும்பி வந்த பிறகுதான் பிரசவம் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு தப்பிவிட்டது.

நவம்பரில் ஒரு பகலில், தனியாகக் கிடந்து பெற்றாள். பெண் குழந்தை. ஒரே ஒரு தடவை அழுதது. அந்த அழுகையிலேயே இது தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதிரியார் இல்லாத இடத்தில் குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். ஒரு கை தண்ணீர் போதும். தெக்லா தவழ்ந்துகொண்டே வாளியிடம் போனாள். வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. கோடரிக் காம்பால் இடித்து ஒரு சில்லைப் பெயர்த்து, வாயில் போட்டு உருக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் குழந்தை முடிந்துவிட்டது. செத்த பிறகு ஊற்றினால் செல்லாது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாளா, விழுங்கினாளா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

யுர்கோ வந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கோயில் மயானத்தில் வைக்க விடமாட்டார்கள். இங்கே கோயிலே இன்னும் கட்டியாகவில்லை, அது வேறு விஷயம். பழைய ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகளை வரப்புகள் கூடும் முனையில் புதைப்பது வழக்கம். வரப்பில் ஏர் படாது, வரப்பை யாரும் தொடமாட்டார்கள். யுர்கோ வெளியே போய்ப் பார்த்தான். நாலு வயல் கூடும் முனை இருந்தது. அடையாளக் கம்பியும் இருந்தது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே அரசாங்கமே அகலமாக ஒரு துண்டை யாருக்கும் கொடுக்காமல் விட்டு வைத்திருந்தது. இந்த நாட்டில் எல்லாமே பெரிசு, வரப்பும் பெரிசு என்று அந்த அப்பாவி நினைத்துக்கொண்டான். வைக்கோலைக் கொளுத்தி, உறைந்த மண்ணை இளக்கி, குழந்தையை சோப்புக் கட்டிகள் வந்த ஒரு மரப்பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டு வந்தான்.

"எங்க வெச்சீங்க?" என்று தெக்லா படுத்தபடியே கேட்டாள்.

"முனையிலே. கம்பிக்குப் பக்கத்துல."

"எந்தப் பக்கம்?"

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தான். "அங்க ஏர் வராது தெக்லா. ஒருத்தரும் தொட மாட்டாங்க. தூங்கு."

அந்தப் பேச்சை அவன் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அவள் எடுத்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். அவள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது பனி மூடியிருந்தது, பனி உருகியபோது வைக்கோல் சாம்பலையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பி மட்டும் நின்றது. அதற்குக் கிழக்கேயா, மேற்கேயா என்று பெற்றவளுக்கே தெரியாது.

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. மரவீடு கட்டினார்கள். கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. சில பிரசவங்கள் தவறிப்போய், கடைசியில் மிரோன் பிறந்து தங்கினான். யுர்கோ கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பான் என்பதால் அவர்கள் வீட்டு முன்னறையையே தபால் ஆபீஸ் ஆக்கினார்கள். ஆபீஸ் என்றால் என்ன, ஒரு மேஜை, ஒரு முத்திரைக்கட்டை, ஒரு தராசு. கூடவே அரசாங்கம் சுவரில் மாட்டச் சொல்லி ஒரு வரைபடத்தையும் அனுப்பியது.

பெரிய தாள். குட்டைகளெல்லாம் நீலம். புதர்க்காடு பச்சை. மேடு இருக்கிற இடத்தில் பழுப்பு நிறத்தில் நெளிநெளியான கோடுகள். வீட்டுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, பள்ளிக்கூடத்துக்குக் கொடி, கோயிலுக்குச் சிலுவை. கடிதம் வாங்க வருகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் படத்திடம் போய்த் தன் வீட்டுப் புள்ளி மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொள்வான். "என் மாட்டுக்கொட்டகையைப் போடாம விட்டுட்டானே" என்று ஒருவனுக்குக் குறை. "உன் கொட்டகை அவன் வந்தப்பவே சாஞ்சு கிடந்திருக்கும்" என்று இன்னொருவன் வாரிவிடுவான். தெக்லாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் படத்தை ஒரே வாரத்தில் படித்துவிட்டாள். தங்கள் வீட்டுப் புள்ளியிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய், இரண்டு குட்டைகளைத் தாண்டி, அந்த முனையைக் கண்டுபிடித்தாள். அங்கே புள்ளி இல்லை, பேர் இல்லை. விட்டு விட்டுப் போட்ட இரட்டைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு போயின, அவ்வளவுதான்.

தபால் ஆபீஸைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பைரொஹிக் கொழுக்கட்டையும் புளித்த க்ரீமும் போட்டதும் இன்னும் நல்ல மனிதராகிவிட்டார். யுர்கோ சும்மா இருக்காமல் கேட்டான்.

"ஐயா, முழுக்கோடு போட்டிருக்கிறது ரோடு, சரி. இந்த விட்டு விட்டுப் போட்டிருக்கிற கோடு என்னங்க?"

"அதுவும் ரோடுதான். இனிமே வரப்போற ரோடு."

"வரப்புங்களா?"

"எது வரப்பு? வயலுக்கு நடுவுல விட்டிருக்காங்களே, அந்த நிலம் பூரா ரோட்டுக்குத்தானய்யா விட்டது. இப்ப ஜனமில்ல, காசில்ல. வர்ற காலத்துல ஒண்ணு ஒண்ணா போடுவாங்க. இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. யுர்கோவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தெக்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி இன்னும் நாலு பைரொஹி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார். அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். பேசினால் ஆகப்போவது என்ன? ஆனால் தெக்லாவின் நெஞ்சில் அன்று ஏறிய பாரம் கடைசிவரை இறங்கவில்லை.

அதிலிருந்து தினமும் படத்தைத் துடைக்கிற சாக்கில் அந்த முனையில் விரலை வைப்பாள். இன்னும் விட்டு விட்டுத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள். அச்சடித்த தாளில் கோடு தானாக மாறாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பார்ப்பாள். ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு ஊர் முழுக்கக் கோயில் மயானத்துக்கு ரொட்டியும் சாயம் போட்ட முட்டையும் எடுத்துக்கொண்டு போய், செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும். தெக்லாவும் போவாள். திரும்பும்போது மட்டும் தனியாக, வயல்வழியாக வருவாள். இடுப்பில் கட்டியிருக்கிற துணியின் பைக்குள் ஒரு முட்டை இருக்கும். ஒரு வருஷம் கம்பிக்குக் கிழக்கே வைப்பாள். மறுவருஷம் மேற்கே. ஏதாவது ஒரு வருஷமாவது சரியான பக்கத்தில் வைத்திருக்க மாட்டோமா என்று ஒரு நப்பாசை.

பிறகு பஞ்சகாலம் வந்தது. மழை பொய்த்து, மண் பறந்து, கோதுமை முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. ரோடு போட எவனிடம் காசு இருக்கிறது? ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் தெக்லா மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். பாவம்தான், ஆனால் உண்மை.

இரண்டாவது போர் நடந்துகொண்டிருந்தபோது வரைபடத்தின் புதுப் பதிப்பு வந்தது. யுர்கோ அதைப் பழைய படத்தின் மேலேயே ஆணி அடித்து மாட்டினான். தெக்லா ஓடிவந்து பார்த்தாள். முனையில் கோடு இன்னும் விட்டு விட்டுத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே யுர்கோவுக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்தவன் எழவில்லை. கடைசி நாளில் மிரோன் பாதிரியாரைக் கூட்டிவரப் போயிருந்தான். தெக்லா புருஷன் காதருகே குனிந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

அவன் கண்ணோரம் வழிந்தது.

"அழுதுக்கிட்டே தோண்டினேன்டி. எந்தப் பக்கம்னு பாக்கல. எனக்கே தெரியாது."

இத்தனை வருஷமும் அவன் கல்நெஞ்சுக்காரன், தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையணையைச் சரியாக வைத்தாள். பாதிரியார் வருவதற்குள் அவன் போய்விட்டான். இப்போது அந்த முனையைப் பற்றி உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மிரோன் அப்பனைப்போல் வாய்மூடி இல்லை. நன்றாகப் பேசுவான், ஆட்களைச் சேர்ப்பான், கிராம சபைக்கு ஜெயித்து வந்தான். ஸ்தெஃபா என்கிற நல்ல பெண்ணைக் கட்டினான். மாமியாரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். முதல் பிரசவம் ஏப்ரலில் வந்தது. ஏப்ரலில் எங்கள் பக்கம் மண்வழியில் போனவர்களுக்குத் தெரியும், அது சேறு இல்லை, பசை. குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லாரி பாதி வழியில் அச்சு வரை இறங்கிவிட்டது. டிராக்டரைக் கொண்டுவந்து இழுப்பதற்குள் ஸ்தெஃபா லாரியிலேயே பெற்றுவிட்டாள். ஆண் குழந்தை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மிரோன் கீழே குதித்து, சக்கரத் தடத்தில் தேங்கியிருந்த கலங்கல் தண்ணீரைக் கையில் அள்ளி, இவான் என்று பேர் சொல்லித் தலையில் ஊற்றினான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அந்தப் பிள்ளையைக் கோயில் மயானத்தில் பாட்டோடும் மெழுகுவத்தியோடும் அடக்கம் செய்தார்கள். எல்லோரும் அழுதார்கள். தெக்லா ஸ்தெஃபாவைக் கட்டிக்கொண்டு, "தண்ணி இருந்துச்சே கண்ணு, நல்லவேளை தண்ணி இருந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மிரோனுக்கு ஒரே வெறி. சரளைக்கல் ரோடு. மழையிலும் பனியிலும் கார் போகிற மாதிரி மேடு கட்டின ரோடு. மாகாண அரசாங்கமும் அந்தச் சமயத்தில்தான் பணம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் எல்லாக் கோட்டிலும் போட மாட்டார்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். கிழக்கே இன்னொரு சபைக்காரனான போத்னார் வீட்டுக் கோட்டிலா, மேற்கே ஸ்தாத்னிக் வீட்டுக் கோட்டிலா என்று சபையில் அடிபிடி. கடைசியில் மேற்கு என்று முடிவானது. மேடு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் விட்டு வைத்திருந்த அகலம் போதாது, பக்கத்து வயல்காரர்களும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முனையை ஒட்டின நிலம் யுர்கோவுக்குப் பிறகு தெக்லா பேரில் இருந்தது. அவள் சம்மதிக்காவிட்டால் ரோடு போத்னார் பக்கம் போய்விடும்.

ஒரு மத்தியானம் சபை ஆட்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மேஜை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். சுவரில் இருக்கிற அதே நீலக் குட்டைகள், அதே பழுப்பு நெளிவுகள். அவள் இத்தனை வருஷமாக விரல் வைத்துப் பார்த்த, அந்த விட்டு விட்டுப் போன கோட்டின் மேல் யாரோ சிவப்புப் பென்சிலால் முழுசாக இழுத்திருந்தார்கள். அது நேராக முனை வழியாகப் போயிற்று.

"கொஞ்சம் தள்ளிப் போட முடியாதாடா?" என்றாள் தெக்லா.

"எதைம்மா?"

"ரோட்டை. அந்த முனைகிட்ட வரும்போது கொஞ்சம் வளைச்சு..."

போத்னார் சிரித்துவிட்டான். நல்ல கேலிக்காரன், மனசில் கள்ளமில்லாதவன். "ஏன் அக்கா, அங்க என்ன புதையலா வெச்சிருக்கீங்க? வளைச்சா செலவு அதிகம். உங்களுக்கு இஷ்டமில்லேன்னா சொல்லுங்க, என் வீட்டுப் பக்கம் கொண்டு போயிடறேன். என் பெண்டாட்டி கோயில்ல மெழுகுவத்தி ஏத்துவா."

மிரோன் முகம் கறுத்தது. "அம்மா, என்ன யோசனை? நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?"

அப்போது ஸ்தெஃபா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மேஜை மேலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கோடு எங்கிருந்து கிளம்புகிறது, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் முடிகிறது என்று அவள் கண் அதன்மேலேயே போய்வந்தது. தெக்லா அந்தக் கண்ணைப் பார்த்தாள். அங்கே மண்ணுக்குள் இருப்பது ஒன்று, இனிமேல் இவள் வயிற்றில் வரப்போவது ஒன்று. எதை விடுவது? சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் மிரோன் ரோட்டை விட்டுவிடுவான். அவனை அவளுக்குத் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை.

"எங்கடா கையெழுத்து?"

கையெழுத்துத் தெரியாதவர்கள் சிலுவைக்குறி போட வேண்டும். மிரோன் பேனாவைக் கையில் கொடுத்துத் தாளின் ஓரத்தைக் காட்டினான். தெக்லா ஓரத்துக்குப் போகவில்லை. சிவப்புக் கோடு முனையைத் தொடுகிற அந்த இடத்திலேயே மெதுவாக, நிதானமாக ஒரு சிலுவை போட்டாள்.

"அய்யோ, இங்க இல்லம்மா, ஓரத்துல!"

"கண்ணு தெரியலடா" என்று சொல்லிவிட்டு ஓரத்தில் இன்னொன்று போட்டாள். முனையில் போட்டதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெற்றவள் வைத்த ஒரே சிலுவை.

கோடையில் இயந்திரங்கள் வந்தன. இரண்டு பக்கமும் மண்ணை வாரி நடுவில் கொட்டி மேடு கட்டினார்கள். முனைக்கு வந்த அன்றைக்கு இரும்புக் கம்பியை ஆழமாக இறக்கிப் புதைத்துவிட்டு, அதன் மேலேயே போனார்கள். தெக்லா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடந்தாள். பெயர்ந்து விழுகிற மண்கட்டி ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்த்தாள். கிழவி மூலிகை வேர் பொறுக்குகிறாள் என்று நினைத்து வேலைக்காரப் பையன்கள், "எங்களுக்கும் கஷாயம் போட்டுக் குடு பாட்டி" என்று கத்தினார்கள். ஒரு மரத்துண்டு இல்லை, ஒரு ஆணி இல்லை, ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைக்காததற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதாள்.

ரோட்டைத் திறக்கிற அன்று பாதிரியாரை வரச்சொல்லி மந்திரித்த தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதுவும் முனையில்தான் தெளிக்க வேண்டும்.

"ஊர் எல்லையில ஆரம்பிக்கிறதுதானம்மா முறை?" என்றார் பாதிரியார்.

"அங்கயும் தெளிங்க சாமி. ஆனா இங்க நிறையத் தெளிங்க. ரெண்டு பக்கமும்."

"ரோடு என்ன, குளிச்சுட்டா வரணும்?" என்று போத்னார் பின்னாலிருந்து கேட்க எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியார் நல்லவர், வாளி காலியாகும் வரை தெளித்தார். சரளைக்கல் நனைந்து கறுத்தது. தண்ணீர் விழ விழத் தெக்லாவின் உதடு அசைந்தது. ஒலெனா, ஒலெனா என்றாள். அது அவளைப் பெற்றவளின் பேர். மகள் பிறந்தால் அதைத்தான் வைக்க வேண்டும் என்று கப்பலிலேயே நினைத்து வைத்திருந்தாள். செத்ததற்கு ஊற்றினால் செல்லாது என்பது அவளுக்கு மறந்துவிடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் புது வரைபடம் வந்தது. மிரோன் பழைய இரண்டையும் சேர்த்துச் சுவரிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தான்.

"இங்க பாருங்கம்மா, எலி ரெண்டையும் சேத்துக் கடிச்சிருக்கு. இவ்வளவு பெரிய தாள்ல அதுக்கு வேற இடமே கிடைக்கல, கரெக்டா நம்ம முனையில ஓட்டை."

"ஆமாடா, எலிதான்" என்றாள் தெக்லா.

புதுப் படத்தில் முனை வழியாக முழுக்கோடு போயிற்று, நல்ல சிவப்பில். தாள் வழுவழுவென்று இருந்தது. அவள் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சுவர்ப்பக்கம் அதிகமாகப் போகவில்லை.

ஸ்தெஃபாவுக்கு மறுபடி வலி கண்டது மார்ச் கடைசியில், வயலெல்லாம் பனி உருகிச் சொதசொதவென்று கிடந்த சமயம். இந்தத் தடவை கார் எங்கேயும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஊரே கேட்கிற மாதிரி அழுதது. தாயும் பிள்ளையும் வீடு திரும்புகிற நாளில் மிரோனோடு தெக்லாவும் போனாள். வரும்போது அவள் பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம், இன்னும் பேர் முடிவாகல" என்றாள் முன்சீட்டிலிருந்த ஸ்தெஃபா.

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" மிரோனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. "அம்மாவோட அம்மா பேரு. ஒலெனா. என்னம்மா, சந்தோஷம்தானே?"

தெக்லா குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அது வேணாம்டா."

"ஏன்? நல்ல பேருதானே?"

"அந்தப் பேரை ஒருத்திக்கு வெச்சாச்சு."

"யாருக்கு? பாட்டியைத் தவிர நம்ம சொந்தத்துல ஒலெனான்னு யாருமே இல்லையே."

"உங்க அக்காவுக்கு."

வண்டியின் வேகம் குறைந்தது. தெக்லா சொன்னாள். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. வாளி, சோப்புப் பெட்டி, முனை. ஸ்தெஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். மிரோன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, மேப்புல அந்த ஓட்டை..."

"ம்."

"அது எலி இல்லையா?"

"இல்லப்பா."

முனை வந்தது. மிரோன் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். வைத்த காலை உடனே மேலே எடுத்துக்கொண்டான். சண்டை போட்டு, சபையைக் கூட்டி, அம்மாவின் கையில் பேனாவைக் கொடுத்து அவன் போட வைத்த ரோடு இரண்டு பக்கமும் நேராக, வளைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"தெரியாதுடா."

"இது மேல நான் எப்படிம்மா ஓட்டுவேன்?"

குழந்தை தூக்கத்தில் ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. தெக்லா அதன் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"கதவைச் சாத்துடா, குழந்தைக்குக் குளிர் அடிக்குது. ஓட்டு. அவ அத்தை மடியிலதான போறா."